முருகனுக்கு இரண்டு மாநாடுகள்: கோயில் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

மேலமாசி எழுதியது:

2024 ஆகஸ்டில் பழனியில் இந்து சமய அறநிலையத்துறை அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாட்டை இரண்டு நாள் நடத்தியது. பத்து மாதங்கள் கழித்து, 2025 ஜூன் 22 அன்று, எங்கள் மதுரையில் இந்து முன்னணி முருக பக்தர்கள் மாநாட்டைக் கூட்டியது. முதல் மாநாட்டைத் தி.மு.க. அரசின் சாதனை என்றார்கள். இரண்டாவதைத் தமிழகத்தின் விழிப்பு என்றார்கள். இரண்டு மேடைகளிலும் வேல் இருந்தது, அலகு குத்தியவர்களின் நம்பிக்கையும் இருந்தது. அவற்றோடு, 2026 சட்டமன்றத் தேர்தலின் கணக்கும் இருந்தது என்பதே என் வருத்தம்.

மதுரை மாநாட்டன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். திடலில் கொடுத்த கொடியை மடித்து இடுப்பில் செருகியிருந்தார். "திருப்பரங்குன்றத்துக்கு எந்த பஸ்ஸுப்பா? இம்புட்டுத் தூரம் வந்துட்டு மலையப் பாக்காமப் போனா எப்படி?" என்று கேட்டார். அவர் மாநாட்டுக்கு வந்ததும் உண்மை, அவருக்கு முருகன் இருக்கும் இடம் மலைதான் என்பதும் உண்மை. அந்த அம்மாவின் வாக்கு யாருக்குப் போகும் என்பதை அந்தக் கொடியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

தமிழ்நாட்டின் தேர்தல் வரலாறு இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. 1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் தலைமையில் நடந்த ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டது என்று பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அடுத்து வந்த தேர்தலில் தி.மு.க. 234 இடங்களில் 184 இடங்களை வென்றது. அந்த வாக்காளர்களில் பெரும்பாலோர் கோயிலுக்குப் போகிறவர்கள்தாம். 2020 நவம்பரில் பா.ஜ.க. திருத்தணியிலிருந்து வேல் யாத்திரை தொடங்கியது. 2021 ஜனவரியில் அ.தி.மு.க. அரசு தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை அறிவித்தது. அதே மாதம் தி.மு.க. தலைவரும் திருத்தணியில் வேலைக் கையில் ஏந்தினார். முடிவில் ஆட்சியை மாற்றியவை வேறு காரணங்கள்.

பிற மாநிலங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. தெலங்கானாவில் யாதாத்ரி நரசிம்மர் கோயிலைப் பெரும் பொருட்செலவில் புதுப்பித்து 2022 மார்ச்சில் திறந்த சந்திரசேகர ராவ் 2023இல் ஆட்சியை இழந்தார். 2024 ஜனவரி 22 அன்று அயோத்தியில் குடமுழுக்கு நடந்தது. ஜூனில் அயோத்தியை உள்ளடக்கிய ஃபைசாபாத் தொகுதியிலேயே பா.ஜ.க. தோற்றது. ஆகவே கட்சிகளும் அரசும் சேர்ந்தே கோயிலை விட்டு விலகி நிற்பதுதான் இருவருக்கும் நல்லது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

உழவாரம் எழுதியது:

மேலமாசி ஐயா, முடிவில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். ஆனால் அங்கு வந்து சேர்ந்த வழியில் உடன்பட முடியவில்லை. இரண்டு மாநாடுகளையும் ஒரே தராசில் வைத்துவிட்டீர்கள். மதுரையில் கூடியது ஓர் அமைப்பு. அதன் அரசியல் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கூடுவதற்கு அதற்கு உரிமை உண்டு. பழனியில் மாநாடு கூட்டியது அரசு. எல்லா மதத்தவருக்கும் எம்மதமும் இல்லாதவருக்கும் பொதுவான ஓர் அரசு, ஒரு மதத்தின் கோயில்களை மட்டும் தன் துறையாக வைத்துக்கொண்டு, அந்த மதத்தின் கடவுளுக்குத் தானே மாநாடும் நடத்துகிறது. கடவுள் மறுப்பிலிருந்து கிளைத்த இயக்கம் இன்று கடவுளின் நிலத்துக்கும் நகைக்கும் பொறுப்பாளராக இருப்பது எந்த அறத்தின்படி சரி என்று யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

நான் பதினைந்து ஆண்டுகளாக ஓர் உழவாரக் குழுவில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவதொரு பழைய கோயிலுக்குப் போவோம். விமானத்தின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கும்போது வேர் உள்ளே எத்தனை முழம் போயிருக்கிறது என்று கை சொல்லும். இலையை மட்டும் கிள்ளிவிட்டு வந்தால் அடுத்த மழைக்குக் கல்லையே பெயர்த்துவிடும். அப்படிப்பட்ட கோயில்களில் பலவற்றுக்கு நிலம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களின் நிலம் ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் என்று அரசே சொல்கிறது. இவ்வளவு நிலத்துக்கு உடைமைக்காரரான தெய்வத்தின் சந்நிதியில் விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றால், அதற்குப் பெயர் நிர்வாகமா?

சட்டத்தையும் பார்ப்போம். 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், மடங்களிடமிருந்து அரசு பெற்ற பங்களிப்பைக் கட்டணம் என்று ஏற்காமல், அது வரியே என்று சொல்லி அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. சட்டம் மாற்றி எழுதப்பட்டது. இன்றும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி வருமானத்தில் 12 விழுக்காடு வரை நிர்வாகப் பங்களிப்பாகவும், 4 விழுக்காடு வரை தணிக்கைக் கட்டணமாகவும் கோயில் செலுத்துகிறது. கணக்குப் பார்ப்பவர்களுக்கும் கோயிலே கூலி தருகிறது. 2014 ஜனவரி 6 அன்று சிதம்பரம் வழக்கில் அதே நீதிமன்றம், நிர்வாகக் குறையைச் சரிசெய்யவே அரசு ஒரு கோயிலை எடுத்துக்கொள்ளலாம், குறை தீர்ந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும், காலவரையறை இல்லாமல் வைத்திருக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. எத்தனை கோயில்கள் அப்படித் திருப்பித் தரப்பட்டன? அறங்காவலர் குழு அமைக்கப்பட வேண்டிய எத்தனையோ இடங்களில் குழுவுக்குப் பதிலாகத் துறை நியமிக்கும் தற்காலிகப் பொறுப்பாளரான தக்காரே ஆண்டுக்கணக்கில் ஆள்கிறார். விதிவிலக்காக வந்த ஏற்பாடு வீட்டுக்காரராகிவிட்டது.

பொருநைக்கரை எழுதியது:

உழவாரம் அவர்களின் கைப்பணியை வணங்குகிறேன். அது வெறும் வார்த்தை இல்லை. ஆனால் அரசு விலகினால் கோயில் பக்தர்களிடம் வந்து சேரும் என்று அவர் நம்புவதைத்தான் வரலாறு ஏற்கவில்லை. அரசு விலகியிருந்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1817ஆம் ஆண்டு ஒழுங்காணையின் மூலம் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. கிறித்தவ அரசு சிலை வணக்கத்துக்குத் துணைபோகிறது என்று மிஷனரிகள் எதிர்த்ததால் பின்னர் படிப்படியாகக் கையை எடுத்துக்கொண்டது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களை உள்ளூர்க் குழுக்களிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விட்டது. அடுத்த அறுபது ஆண்டுகளில் எத்தனை மானிய நிலங்கள் தர்மகர்த்தாக்களின் சொந்தப் பட்டாவுக்கு நழுவின என்ற புகாரே ஒரு பெரும் அலையாக எழுந்தது. பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி அரசு 1925இல் கொண்டுவந்த சட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சட்டம் செல்லுமா என்று வழக்கு வந்ததால் 1927இல் மீண்டும் இயற்ற வேண்டியிருந்தது என்பதே, எதிர்த்தவர்கள் எவ்வளவு வலுவானவர்கள் என்பதற்குச் சான்று.

மேலமாசி நண்பர் மதுரைக்காரர். அவர் ஊர்க் கதையையே சொல்கிறேன். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, அவர்களைத் தடுக்காமல் வரவேற்றவர் கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு. பட்டர்களில் ஒரு சாரார் பூசை செய்ய மறுத்தார்கள். அந்த வாசலில் அன்று பரம்பரைத் தர்மகர்த்தா ஒருவர் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாம் இன்று 'செயல் அலுவலர்' என்று ஏளனமாகச் சொல்லும் பதவிக்கு அப்படியும் ஒரு முகம் இருக்கிறது.

அர்ச்சகர் உரிமையும் இப்படித்தான். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த தமிழகச் சட்டத்தை 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகமப்படி தகுதியுள்ளவரே பூசை செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகும், பயிற்சி முடித்த பல சாதி இளைஞர்கள் 24 பேர் பணி ஆணை பெற 2021 ஆகஸ்டு 14 வரை ஆயிற்று. ஆந்திரத்தில் திரையில் ராமனாகவும் கிருஷ்ணனாகவும் மக்கள் மனத்தில் பதிந்த என்.டி. ராமராவின் அரசுதான் 1987இல் கோயில் பணிகளில் பரம்பரையாக வந்த மிராசு உரிமைகளை ஒழித்தது. கடவுளை மறுத்தவர்கள்தாம் கோயிலில் கை வைத்தார்கள் என்ற கதை இங்கே பொருந்தாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். அரசு கோயிலை விட வேண்டும் என்று மேடைதோறும் சொல்லும் பா.ஜ.க., தான் ஆண்ட உத்தரகண்டில் 2019இல் என்ன செய்தது? பத்ரிநாத், கேதார்நாத் உள்ளிட்ட 51 கோயில்களை ஒரே தேவஸ்தான வாரியத்தின்கீழ் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. தீர்த்த புரோகிதர்கள் இரண்டு ஆண்டு போராடிய பின், 2021 இறுதியில், தேர்தல் நெருங்கும் வேளையில்தான் அதைத் திரும்பப் பெற்றது. கூட்டம் பெருகினால் சாலையும் கழிப்பறையும் மருத்துவமும் கணக்கும் வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் கை அங்கே போகும்.

உழவாரம் எழுதியது:

உத்தரகண்ட் குறித்து நீங்கள் சொன்னது சரி. அந்தச் சட்டமும் தவறுதான். திரும்பப் பெற்றார்கள், பக்தர்களும் புரோகிதர்களும் குரல் கொடுத்ததால். இங்கே யார் குரல் கொடுத்தாலும் உடனே 'சாதி திரும்ப வரும்' என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. கோயில் நுழைவு உரிமை 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவிலும் இருக்கிறது. அதைக் காக்க அரசுக்குக் காவல்துறையும் நீதிமன்றமும் போதும். உண்டியல் சாவி வேண்டியதில்லை.

மகாநதி எழுதியது:

நான் தூத்துக்குடியில் பிறந்தவள். பன்னிரண்டு ஆண்டுகளாகப் புவனேசுவரத்தில் பணி செய்கிறேன். பக்தி வேறு, வாக்கு வேறு என்று மேலமாசி அண்ணன் எழுதியதைப் படித்தபோது, அவர் ஒடிசாவைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று தோன்றியது.

இங்கே ஜகந்நாதர் ஒரு கோயிலின் தெய்வம் மட்டுமல்லர். வீட்டில் ஒருவர் இறந்தாலும், குழந்தை பிறந்தாலும், கடை திறந்தாலும் 'ஜய் ஜகந்நாத்' என்ற சொல்லோடுதான் பேச்சு தொடங்கும். பூரிக் கோயிலின் ஆனந்த பஜாரில் முதன்முதலாக மகாபிரசாதம் உண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண்சட்டியில் சோறும் பருப்பும். அருகில் அமர்ந்திருந்த முதியவர் தன் சட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து என் இலையில் வைத்தார். நான் யார், என்ன சாதி என்று கேட்கவில்லை. அங்கே கேட்பதும் பாவமாம். என் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "நம்மூர்லயும் இப்படி ஒரு இடம் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள்.

அப்படிப்பட்ட ஊரில் 2024 தேர்தல் எதைச் சுற்றி நடந்தது என்று நேரில் பார்த்தேன். 24 ஆண்டுகள் ஆண்ட நவீன் பட்நாயக், ஏறத்தாழ 800 கோடி ரூபாயில் கோயிலைச் சுற்றிப் பரிக்கிரமா என்ற வலம்வரும் வளாகத்தைக் கட்டி 2024 ஜனவரி 17 அன்று திறந்து வைத்தார். அயோத்திக் குடமுழுக்குக்கு ஐந்து நாள் முன்பு. வளாகம் அழகாகவே இருக்கிறது. ஆனால் கொரோனா காலத்தில் மூடிய மூன்று வாசல்கள் பொதுப் பக்தருக்குத் திறக்கப்படாமலே இருந்தன. எல்லோரும் சிங்க வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போனோம். போதாக்குறைக்கு, கோயிலின் நகைக் கருவூலமான ரத்ன பண்டாரத்தின் உள்ளறைச் சாவி காணவில்லை என்று 2018இலேயே தெரிந்திருந்தது. நகைகளின் முழுக் கணக்கு கடைசியாக எடுக்கப்பட்டது 1978இல். விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தும் அது வெளிவரவில்லை. மக்கள் வீட்டுத் திண்ணையில் பேசியது இந்த வாசலையும் இந்தச் சாவியையும்தான்.

அந்தத் தேர்தலில் எனக்கு நெஞ்சு வலித்த ஒரு நாளும் உண்டு. ரத்ன பண்டாரச் சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது என்ற பொருளில் பிரதமர் பிரசாரத்தில் பேசினார். முதல்வருக்கு நெருக்கமாக இருந்த வி.கே. பாண்டியன் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பதுதான் அதன் உட்கிடை. தமிழக முதல்வர் கண்டனம் தெரிவித்தார். அலுவலகத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருந்தாலும் இரண்டு நாள் யாரிடமும் தமிழில் தொலைபேசவே கூச்சமாக இருந்தது. எல்லோருக்கும் பொதுவான நாதர், ஜகத்துக்கே நாதர், அவருடைய சாவியை வைத்து ஒரு மாநிலத்தாரை இன்னொரு மாநிலத்தார் ஐயுறச் செய்தார்கள். அது பக்தியைச் சேர்ந்ததில்லை என்று எந்த மேடையிலும் சொல்வேன்.

பா.ஜ.க. 147 இடங்களில் 78ஐ வென்றது. பதவியேற்ற மறுநாள், ஜூன் 13 அன்று, நான்கு வாசல்களும் திறந்தன. ஜூலை 14 அன்று ரத்ன பண்டாரம் திறந்தது. அண்ணன் சொன்னபடி கோயில் கட்டியவர் தோற்றார் என்பது இங்கும் உண்மை. ஆனால் பக்தி வாக்காகவில்லை என்பது இங்கே உண்மையில்லை. எந்த வாசல் வழியாகப் போவது, நகை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத கோபம் பக்தர்களின் கோபம்தான். தேர்தலை முடிவு செய்த காரணங்களில் அதுவும் ஒன்று.

மேலமாசி எழுதியது:

தங்கை, நீங்கள் திருத்தியது சரி. வாக்கையும் வழிபாட்டையும் நான் அளவுக்கு மீறிப் பிரித்துவிட்டேன். ஆனால் உங்கள் சான்றிலிருந்தே வேறொன்றும் தெரிகிறது. ஒடிசா மக்கள் ஜகந்நாதருக்காக அயோத்தியின் மொழியில் பேசவில்லை. பூரியின் வாசலைப் பற்றிப் பேசினார்கள். மாநிலத்துக்கு மாநிலம் பக்தியின் இலக்கணம் வேறு. கேரளத்தில் 2018 செப்டம்பர் 28 அன்று எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்ற தீர்ப்பு வந்தபின் நாமஜபத்தோடு தெருவுக்கு வந்த பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் இடதுசாரிகள் 20இல் ஓர் இடத்தோடு நின்றார்கள். பயன் போனது காங்கிரஸ் கூட்டணிக்கு, போராட்டத்தைக் கொடியோடு நடத்திய பா.ஜ.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. 2021இல் அதே மக்கள் இடதுசாரிகளுக்கு 140இல் 99 இடங்களைக் கொடுத்தார்கள். கோபத்தைக் காட்ட வேண்டிய நேரத்தில் காட்டினார்கள், பிறகு வேறு கணக்குகளைப் பார்த்தார்கள்.

வங்கத்தில் 2025 ஏப்ரல் 30 அன்று மாநில அரசு தீகாவில் ஜகந்நாதருக்குக் கோயில் திறந்தது. அதைத் 'தாம்' (புனிதத் தலம்) என்று அழைக்கலாமா என்று ஒடிசா கேட்டது, இரண்டு மாநிலங்களும் ஒரே தெய்வத்துக்காகச் சொற்போர் நடத்தின. இதைப் பார்த்தபின்தான் அரசு கோயில் கட்டுவதும் மாநாடு கூட்டுவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்ற என் கவலை கூடிற்று. அறநிலையத்துறை இருக்கட்டும் என்று பொருநைக்கரை ஐயா சொன்னதைக்கூட ஏற்கிறேன். கணக்கு எழுதவும் நிலத்தைக் காக்கவும் இருக்கட்டும். மாநாடு எதற்கு?

பொருநைக்கரை எழுதியது:

மாநாடு தேவையா என்றால், தேவையில்லை என்றே நானும் சொல்வேன். அந்தப் பணமும் ஆளும் ஓதுவார் இல்லாத கோயில்களுக்குப் போயிருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராசராசன் 48 பேரை அமர்த்தி, அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளக்க ஏற்பாடு செய்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தான். அரசு பக்திக்குச் செய்யக்கூடியது அதுதான்: பாடுகிறவருக்குப் படி அளப்பது, அளந்ததை எல்லோரும் காணும்படி எழுதி வைப்பது. 2020 பிப்ரவரி 5 அன்று அதே கோயிலின் குடமுழுக்கில் வடமொழியோடு தமிழும் ஒலிக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட 2008 மார்ச் வரை ஒரு முதிய ஓதுவார் காத்திருந்தார். தேவார ஏடுகள் கிடைத்த இடமென்று நாம் போற்றும் கோயில் அது. உழவாரம் அவர்களே, அங்கே அரசாணை இல்லாமல் அந்த மேடைக் கதவு திறந்திருக்குமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

அரசு கணக்கை முடித்துக்கொண்டு எழுந்து போய்விட முடியாது என்பதற்கு எங்கள் பக்கத்து மாவட்டமே சான்று. அரசியலமைப்பில் 290-அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி கேரள அரசு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவசம் (கோயில் நிர்வாக) நிதிக்கும், தமிழ்நாடு அரசு 13.5 லட்சம் ரூபாயை, 1956 நவம்பர் 1 அன்று இணைந்த குமரிப் பகுதிக் கோயில்களுக்கான தேவசம் நிதிக்கும் கொடுக்க வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானம் கோயில் நிலங்களைத் தன் வருவாயோடு சேர்த்துக்கொண்டதற்கு ஈடாக வந்த கடமை அது. அன்றைய ரூபாய்க்கு எழுதிய தொகை இன்றைய ரூபாய்க்கு எந்த மூலைக்கு? நிலத்தை எடுத்த அரசு, 'இனி உங்கள் கோயிலை நீங்களே பாருங்கள்' என்று வெறுங்கையோடு விடுவதைத்தான் விடுதலை என்கிறோமா?

உழவாரம் எழுதியது:

சிதம்பரம் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன்: திறந்திருக்காது. அந்த ஓதுவார் பாடியது எனக்கும் மகிழ்ச்சி. அதற்கு அரசாணை வேண்டியிருந்தது என்பது எனக்கு வெட்கம். ஆனால் ஒரு தவறைத் திருத்த ஓர் ஆணை போட்டதற்கும், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களையும் மடங்களையும் கட்டளைகளையும் ஒரே துறையின்கீழ் என்றென்றைக்கும் வைத்திருப்பதற்கும் இடையில் தூரம் இருக்கிறது. 290-அ உங்கள் வாதத்தைவிட என் வாதத்துக்கே துணை நிற்கிறது. கடன்பட்டவர் கடனைக் கட்ட வேண்டும். கடன்பட்டதைக் காரணம் காட்டி வீட்டிலேயே குடியிருக்கக் கூடாது.

ஒருகாலபூசை எழுதியது:

பெரியவர்கள் எல்லோரும் பழனி, தில்லை, பூரி என்று பெரிய கோயில்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். தவறில்லை, ஆனால் எங்கள் மாரியம்மன் கோயில் போன்றவைதான் எண்ணிக்கையில் மிகுதி. என் தந்தை அங்கே பூசாரி. வருமானம் குறைந்த கோயில்களில் நாளுக்கு ஒரு வேளையாவது பூசை நடக்க உதவும் ஒரு கால பூசைத் திட்டத்தில், வைப்பு நிதியின் வட்டியில் எண்ணெயும் சூடமும் வாங்குகிறோம். பூசாரிக்கு மாதந்தோறும் ஊக்கத்தொகை வருகிறது. விடியற்காலையில் அப்பா கதவைத் திறந்ததும் முதலில் வவ்வால் எச்சத்தைக் கூட்டுவார், பிறகு ஒரு குடம் தண்ணீரில் அம்மன் மேனியைக் கழுவி, மஞ்சள் சாத்தி, அகலில் எண்ணெயை விரலால் அளந்து ஊற்றுவார். நண்பகல் வரை எரிந்தால் போதும் என்பது அவர் அளவு. எந்த மாநாட்டு மேடையிலும் அவரைப் பார்த்ததில்லை, அவரும் போனதில்லை.

உழவாரம் ஐயாவிடம் பணிவாக ஒன்று சொல்கிறேன். நாளை அரசு விலகினால் எங்கள் கோயில் எங்கள் ஊர்ப் பக்தர்களிடம் வராது. ஊரில் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது, அவர்களிடம் போகும். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெரு வரை வரும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வட்டாட்சியர் முன்னிலையில் அமைதிக் கூட்டம் போட்டுத்தான் முடிக்கிறோம். அந்தக் கூட்டத்தில் கிழக்குத் தெருக்காரர்கள் நாற்காலியில் உட்காருகிறார்கள். அரசு இல்லாத கூட்டத்தில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பொருநைக்கரை ஐயாவுக்கும் ஒன்று. பொறுப்பில் இருப்பவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் ஒருவர் பல ஊர்க் கோயில்களைப் பார்க்கிறார். எங்கள் ஊருக்கு அவர் வருவது உண்டியல் திறக்கும் நாளில். பாயை விரித்துக் கொட்டி, குங்குமம் ஒட்டிய நாணயங்களைப் பிரித்து எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். உண்டியலில் விழுந்த ஒரு ரூபாய்க்கும் கணக்கு இருக்கிறது. அம்மனுக்கு விளக்கெரிக்க விட்ட நிலத்துக்குத்தான் கணக்கு தெரியவில்லை.

உழவாரம் எழுதியது:

தம்பி, உங்கள் தந்தையாருக்கு என் வணக்கம். கிழக்குத் தெருக்காரர்கள் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதற்கு வழி இப்போதைய சட்டத்திலேயே இருக்கிறது: அறங்காவலர் குழுவில் தாழ்த்தப்பட்டோரோ பழங்குடியினரோ ஒருவரும், பெண் ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவை அமைக்காமல் தக்காரை வைத்து நடத்துவதால்தான் அந்த நாற்காலி ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் போடப்படுகிறது. குழு அமையட்டும், அதில் அவர்கள் ஆண்டு முழுதும் உட்காரட்டும். அரசு வெளியே நின்று கணக்குக் கேட்கட்டும், அந்தக் கணக்கைத் துறைக்கு வெளியே உள்ள தணிக்கையாளர் பார்க்கட்டும். அந்த விளக்கு நிலம் எவ்வளவு, இப்போது யாரிடம் இருக்கிறது?

பொருநைக்கரை எழுதியது:

வெளித் தணிக்கையும் அறங்காவலர் குழுவும் வேண்டும் என்பதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். குழுவை யார் நியமிப்பது என்ற கேள்வியில் நாம் இருவரும் மீண்டும் மோதுவோம். ஆளும் கட்சிக்காரர்களே அறங்காவலர்களாக வருவதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அதைத் தட்டிக் கேட்க மக்களுக்கு வாக்கு இருக்கிறது, பரம்பரைக் குடும்பத்தைத் தட்டிக் கேட்க எதுவும் இல்லை என்பதுதான் என் நிலை. தம்பி, 2021 முதல் கோயில் நில ஆவணங்களைத் துறையின் இணையதளத்தில் ஏற்றி வருகிறார்கள். உங்கள் கோயிலின் பெயரில் தேடிப் பாருங்கள்.

ஒருகாலபூசை எழுதியது:

தேடினேன் ஐயா. புல எண் கிடைத்தது: 2 ஏக்கர் 14 சென்ட். அப்பாவிடம் காட்டியபோது, "இது விளக்குக்காணிதானே, ஏரி மதகுக்குத் தெற்கே" என்று பார்க்காமலே சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது அங்கிருந்து ஆமணக்கு மூட்டை கோயிலுக்கு வருமாம்; செக்கில் ஆட்டி ஆண்டு முழுக்க விளக்கெரிப்பார்களாம். இப்போது அதில் உழுவது நான் முன்பு சொன்ன குடும்பம். எத்தனை ஆண்டுக் குத்தகை, குத்தகைப் பணம் கட்டுகிறார்களா, எவ்வளவு என்பது ஊரில் யாருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி அப்பாவிடம் கையெழுத்துக்குக் கொடுத்து நான்கு நாளாகிறது. இன்னும் போடவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது முதல் மரக்கால் கம்பு அந்த வீட்டிலிருந்துதான் வரும். "கம்பு வாங்கிட்டு வந்தப்புறம் போடுறேனே" என்கிறார். நான் என் பெயரிலேயே எழுதி, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். பதில் வந்ததும் இங்கே பதிகிறேன்.